பெருவிரலால் எழுதியது

முதல் ஆறு கிழமை தரையில் வைக்கவே கூடாது.
இரண்டு தலையணைமேல் காலை ஏற்றிப்
படுத்திருந்தேன்,
முகவரி அழிந்து திரும்பி வந்த பொதியைப் போல.

வின்னிபெக்கின் வடக்கில்
அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் என் பாதை.
எந்தப் படிக்கட்டில் மூன்றாம் பலகை ஆடும்,
எந்தக் கதவின் பின்னால் நாய்,
எந்த வீட்டில் பனிக்கு உப்புத் தூவ மாட்டார்கள்,
எல்லாம் தெரியும்.
தெரிந்த அந்த வீட்டில்தான் விழுந்தேன்.
கையில் இருந்தது ஒரு பல் வைத்தியரின் விளம்பரம்.

அறுவைக்குப் பத்து மாதம் காத்திருந்தேன்.
குருத்தெலும்பு என்றார் மருத்துவர்.
குருத்தென்றால் வளரும் என்று நம்புகிற மொழி எனக்கு.
இது வளராது,
இதற்குள் இரத்தமே ஓடாது என்றார்.
ஆகவே அடியிலுள்ள எலும்பில் மூன்று சிறு துளையிட்டு
இரத்தத்தை மேலே வரவழைத்து
வடு ஒன்றை அங்கே குடிவைப்பார்களாம்.
அசலுக்குப் பதில் வடு.
கையெழுத்துப் போட்டேன்.

படி இறங்குவது உட்கார்ந்தபடி,
ஒவ்வொன்றாக, பதினான்கு.
ஊன்றுகோலோடு தேத்தண்ணி கொண்டுபோக முடியாது;
மூடிபோட்ட போத்தலில் ஊற்றிக்
கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன்.
குளிக்கப் பிளாஸ்டிக் கதிரை. காலுக்குக் குப்பைப் பை.
குகதாசன் நாடா ஒட்டிவிடுவார், பேசாமல்.
ஒரு நாள் கோணலாக ஒட்டினார் என்று கத்தினேன்.
நாடாவுக்காக இல்லை.
அவருக்கும் தெரியும்.
பிய்த்துவிட்டு நேராக ஒட்டினார்.

யன்னலுக்கு வெளியே எங்கள் தெருவின் தபால்காரி.
முகத்தைப் பார்ப்பதில்லை நான்,
கணுக்காலைத்தான்.
எவ்வளவு அலட்சியமாக மடிகிறது!
பொறாமைதான். ஒளிக்கப் போவதில்லை.

ஏழாம் கிழமை
ரோவெனா ஒரு தராசைத் தரையில் வைத்து
பாதத்தை அழுத்தச் சொன்னாள்.
கால் பங்கு பாரம் மட்டும்.
காலுக்குக் கால் பங்கு என்று
தமிழில் சொல்லிச் சிரித்தேன்,
அவளுக்கு விளக்க வெளிக்கிட்டுப் பாதியில் விட்டேன்.
பதினைந்து கிலோவில் நடுங்கியது முள்.
கடை அரிசி மூட்டை பதினெட்டு.

அடுத்தது, பெருவிரலைப் பேனாவாக்கிக்
காற்றில் ஏ பி சி எழுது என்றாள்.
பாதி நேர்கோடு, எழுதிவிட்டேன்.
இரவில் கட்டிலில்
யாரும் சொல்லாமலே அ எழுதினேன்.
முதல் சுழியிலேயே கணுக்கால் கதறியது.
இ-யில் மூச்சுப் பிடித்தது.
ஐ-யின் வால் வளையவில்லை.
ஔ-வை இரண்டு நாள் தள்ளிவைத்தேன்.
ஃ மட்டும் சுலபம்.
மூன்று குத்து.
உள்ளே எலும்பில்
யாரோ முன்பே எழுதிவிட்ட எழுத்து.

நல்ல நாள் ஒன்று வந்தால்
மறுநாள் வட்டி கேட்கிறது வீக்கம்.
காப்புறுதிப் படிவம் கேட்கிறது:
வேலைக்குத் திரும்பும் தேதி?
எட்டுக் கட்டங்கள்.
பென்சிலால் எழுதி அழித்து எழுதி
தாள் மெலிந்துவிட்டது.
எப்போது உருகுவாய் என்று
ரெட் ஆற்றிடம் யாரும் படிவம் நீட்டுவதில்லை.

ஏப்ரல். தெருவோரம் கறுத்த பனி.
கட்டங்களைக் காலியாக விட்டு உறையை ஒட்டி
முனையிலுள்ள சிவப்புப் பெட்டிவரை
ஊன்றுகோல் இல்லாமல் போனேன்.
உறை உள்ளே விழுந்த சத்தம்
வெளியில் நின்று கேட்க வேறுமாதிரி இருந்தது.
போக இருநூற்றுப் பதினொரு அடி.
திரும்பி வர இருநூற்று நாற்பது.
தூரம் அதேதான்.

வாசலில் இருந்து சப்பாத்தைக் கழற்றினேன்.
தொட்டால் சூடு.
மறுபடி ஐ எழுதிப் பார்த்தேன்.
வால் இன்னும்
கொஞ்சம் மிச்சம்.